ஜொகூர் மழைக்கு எந்த டயர்?

ரெங்கத்தில் குளிர்காலம் என்பது மழைக்காலம்தான். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை விட்டு விட்டுப் பெய்யும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்து மண்சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் இடமெல்லாம் சேறு. குளுவாங்கில் வேலை பார்க்கும் நான் விடியும் முன்பே அதைக் கடந்தாக வேண்டும். இந்தச் சாலையில் என் சின்னக் கார்கள் மூன்று விதமான டயர்களில் ஓடியிருக்கின்றன.

முதலாவது, 2016இல் பழையதாக வாங்கிய பெரோடுவா விவாவில் இருந்தவை. ஆழமான வரிப்பள்ளங்கள், பார்க்கப் புதிது போலவே இருந்தன. “நல்ல டயர் அக்கா, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்” என்றார் விற்றவர். ஆனால் வளைவில் திருப்பினால் கார் படகு போல ஆடியது. குளுவாங்கில் ஒரு டயர் கடைக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார். “இது ஜப்பான் பனி டயர்!”

ஜப்பானின் குட்டிக் கார்களில் கழற்றிய டயர்கள் இங்கே பழைய டயர்களாக விற்பனைக்கு வருவதுண்டு. பனி டயரின் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கும்படி மென்மையாகச் செய்யப்படுவது. பனியைப் பற்றிக்கொள்ள மேற்பரப்பெல்லாம் மெல்லிய கீறல்கள் இருக்கும். நம்முடைய 30 டிகிரி வெயிலில் அது இன்னும் குழைந்துபோகிறது, விரைவில் தேய்கிறது, பிரேக் பிடித்தால் கார் நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கிறது. பக்கவாட்டில் இருந்த 3809 என்ற எண்ணையும் அவர் காட்டினார். 2009ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். வரிப்பள்ளம் ஆழமாக இருந்தும் டயருக்கு ஏழு வயது.

அடுத்து, கடையில் இருந்ததிலேயே மலிவான புது டயர். ரப்பர் கெட்டி. வெயிலில் குறையே இல்லை, தேய்மானமும் குறைவு. மழையில்தான் அதன் குணம் தெரிந்தது. சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறி ஜொகூர் பாருவுக்குப் போன ஒரு மாலை, தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென்று கனமே இல்லாமல் போனது. பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டயர் நீரை விலக்க முடியாமல் அதன்மேல் மிதக்கும் நிலை அது. அப்போது பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. எண்ணெயிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன். சில விநாடிகளில் சக்கரம் மறுபடி சாலையைப் பிடித்தது.

இப்போது ஓட்டுவது அக்ஸியா. அதன் 175/65 ஆர்14 அளவு, முதல் தலைமுறை மைவிக்கும் உரியது என்பதால் கடைகளில் தேர்ந்தெடுக்க நிறைய உண்டு. ஈரச் சாலைக்கென்று செய்த, நீளவாக்கில் அகலமான பள்ளங்கள் கொண்ட டயரைக் கேட்டு வாங்கினேன். ஒரு டயருக்கு ஐம்பது வெள்ளி அதிகம். அதே சேற்றிலும் மழையிலும் ஸ்டீயரிங் கைக்குள் நிற்கிறது.

நல்ல டயரும் தேய்ந்துவிட்டால் பயனில்லை. புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர், சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகளோடு டயரின் மேற்பரப்பு சமமாகிவிட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். காற்றை, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்சக்கரங்களுக்கே போகட்டும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

ஒவ்வொரு டயரிலும் சாலையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊர் திரும்பும் நேரமும் இந்த மழை தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். துணிமணி வாங்கப் போகும் அன்றே டயர் கடையிலும் ஒரு பத்து நிமிடம் நின்று பார்த்துவிடுங்கள்.