அச்சமும் இரண்டு மூடை புழுக்கொடியலும்

ஊர்காவற்றுறையிலே பிறந்தவர்க்கு வியாபாரம் புதிதன்று. போர்த்துக்கேயர் காலத்தில் இத்துறையிலிருந்து யானைகளே கப்பலேறின. பிற்காலத்தில் தீவுப்பகுதியார் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று, பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துப் பொருளீட்டினர். இத்தகைய ஊரிலே பிறந்தும், நாற்பது வயது வரையும் ஒரு பெட்டிக்கடை வைக்கவேனும் நெஞ்சு துணியாதவராய் நாம் இருந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

எமது மனைவியார் புழுக்கொடியல் போடுவதிலே கைதேர்ந்தவர். “இதை யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குக் கொடுத்தால் என்ன?” என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார். நாம் ஆண்டுக்கொரு சாட்டுச் சொன்னோம். முதலில்லை என்றோம், மழை என்றோம், பிள்ளைகளின் படிப்பு என்றோம். பனம்பொருள்களுக்கென்றே 1978 ஆம் ஆண்டு முதல் ஓர் அபிவிருத்திச் சபை இருக்கின்றபடியால், வாங்குவாரில்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. மெய்யான காரணம் வேறு. தோற்றுவிட்டால் ஊரவர் என்ன சொல்வர் என்பதே அது.

ஒருநாள் பெரியப்புவிடம் இதனை வாய்விட்டுச் சொன்னோம். அவர் எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். இளமையிலே தென்னிலங்கையில் பிறர் கடையிற் சிப்பந்தியாய் நின்று, கோப்பை கழுவி, கணக்குப் பழகி, பத்தாண்டுகளின் பின்னரே தாமாகக் கடை வைத்தவர். 1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் அக்கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். ஊரிலே மீண்டும் ஒரு சிறு கடை போட்டார். 1990 இல் போர் தீவுப்பகுதியை எட்டியபோது அதுவும் போயிற்று. இடம்பெயர்ந்த இடத்திலே சாக்கை விரித்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் விற்றார்.

“உங்களுக்குப் பயமே இல்லையோ, பெரியப்பு?” என்று கேட்டோம்.

“பயமில்லையெண்டு ஆர் சொன்னது, தம்பி? முதற்கடை போடேக்கை மூண்டு நாள் நித்திரையில்லை. போனால் போகட்டும் எண்டு சொல்லக்கூடிய காசு உன்னட்டை எவ்வளவு இருக்கு? அதை மட்டும் போடு. மனிசியின்ரை தாலிக்கொடியை ஈடு வைக்காதை.”

கடை எரிந்ததை அவர் ஒருகாலும் தோல்வி என்று சொன்னதில்லை. கணக்குப் பிழைத்து நட்டப்படுவதையே தோல்வி என்பார். நாமோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டுக்கும் சேர்த்து அஞ்சிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு கொப்பியை எடுத்து அத்தொகையை எழுதினோம். சீட்டு எடுத்த பணத்தில் பதினையாயிரம் ரூபாய். எழுதிய பின் அச்சம் நீங்கிற்று என்று சொல்லமாட்டோம்; அதற்கோர் எல்லை ஏற்பட்டது. 1976 ஆம் ஆண்டில் வங்காளதேசத்து யோப்ராக் கிராமத்திலே பேராசிரியர் முகம்மது யூனுஸ் தம் கைப்பணம் 27 டொலரை 42 ஏழைகளுக்குப் பகிர்ந்து கடனாகக் கொடுத்தார். கிராமிய வங்கி அதிலிருந்து வளர்ந்தது. சிறு தொகையின் பெருமையை அவர் உலகுக்கு உணர்த்துமுன்னரே எங்கள் பெரியப்பு போன்றோர் அறிந்திருந்தனர் என்பது எம் எண்ணம்.

மாசி மாதம் கிழங்கு வாங்கி, அவித்து, காயவைத்து, இரண்டு மூடை கட்டி யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்திற்குள் கடைக்காரர் அழைத்தார். முழுவதும் பூஞ்சணம். மூடைகளை நாமே போய்ப் பேருந்தில் ஏற்றி வந்தோம். பண்ணைத் தாம்போதி அன்றுபோல் நீளமாய் என்றும் இருந்ததில்லை. “என்ன அண்ணை, விலைப்படேல்லையோ?” என்று ஒருவர் கேட்டார். பல்லாண்டுகளாக நாம் அஞ்சிய கேள்வி அதுவே. “பழுதாய்ப் போச்சு” என்றோம். வேலணையில் ஏறிய ஆச்சி ஒருவர் மூடைக்குள் கைவிட்டு ஒரு புழுக்கொடியலை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது வளையுது. முறிச்சால் சடக்கெண்டு முறியவேணும். வெயிலிலை இருந்து எடுத்த சூட்டோடை கட்டிப்போட்டியள் போலை. ஆறவிட்டெல்லோ கட்டவேணும்.”

இச்சிறு விஷயத்தை அறியப் பதினையாயிரத்திற் பாதி செலவாயிற்று. மூடைகளைக் கிடங்கிலே கொட்டி மண் போட்டோம். ஊரவர் ஒரு வாரம் பேசினர். மறுவாரம் யாருடையவோ ஆடு அயலவர் தோட்டத்தை மேய்ந்துவிட்டது; ஊருக்கு அது போதுமாயிற்று. இந்த ஒரு வாரத்திற்கு அஞ்சியா இத்தனை ஆண்டுகளைப் போக்கினோம் என்று எண்ணிச் சற்று வெட்கப்பட்டோம்.

மிகுதிப் பணத்தில் அடுத்த ஆண்டு மீண்டும் செய்தோம். ஒவ்வொரு கூறையும் முறித்துப் பார்த்து, ஓரிரவு ஆறவிட்டே கட்டினோம். ஒரு மூடையும் திரும்பி வரவில்லை. இலாபம் பெரிதன்று; இழந்த பாதியை மீட்கவே அது சரியாயிற்று.

இவ்வாண்டு நாமே ஐந்து பாத்தி போட்டிருக்கிறோம். பெரியப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். “ஒடியல் மாவும் செய்தாலென்ன?” என்றார். மனைவியார் எம்மைப் பார்த்தார். மழை என்று ஒரு சாட்டு வாய் வரையும் வந்தது. விழுங்கிக்கொண்டு கொப்பியை எடுக்கப் போனோம்.