லோதி சாலையில் ஒரு வானக் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் தில்லிவாழ் தமிழன்பர்களுக்கு ஒரே கவலை: பொங்கலுக்கு ஊர் செல்லும் வண்டி நேரத்தில் புறப்படுமா? சென்னையிலிருந்து வரும் வண்டி மதுராவுக்கு இப்பால் மூடுபனியில் ஊர்ந்து வருமாயின், திரும்பும் வண்டி எங்ஙனம் நேரத்தில் கிளம்பும்? ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் அன்றாடம் கேட்கும் கேள்வி இது.

இதற்கு விடை தேடும் இடங்களில் முதன்மையானது லோதி சாலையிலுள்ள மௌசம் பவன். 1875-ல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் கல்கத்தா, சிம்லா, பூனா எனக் குடிமாறி 1944-ல் புதுதில்லி சேர்ந்தது. நம்மைப்போல் அதுவும் குடியேறியதே! 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் 'கிரே' சூப்பர் கம்ப்யூட்டர் இவ்வளாகத்திற்கு வந்தது. அதனினும் வலிய பொறியைத் தர அந்நாடு தயங்கவே, 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் எழுந்தது. 1991-ல் 'பரம் 8000' என்னும் சுதேசிப் பொறி பிறந்தது. இப்பொழுது பெருங்கணக்கு அண்டையிலுள்ள நொய்டாவில் நடைபெறுகிறது. அங்கு 2024 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற 'அருணிகா'வின் உச்சத்திறன், நொடிக்கு 8,240 லட்சம் கோடிக் கணக்குகள்.

வானத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் எவ்வாறு மாறும் என்று இப்பொறி கணிக்கிறது. விளையும் எண்குவியலை மனிதர் படித்து முடித்தல் இயலாது. ஆகவே அது வண்ணப்படமாக்கப்படுகிறது. முன்னெல்லாம் கணக்கைப் பொறியிடம் ஒப்படைத்து, முடியும்வரை காத்திருப்பர். கணக்கு ஓடும்போதே அதைக் கண்டு, இடையில் திருத்திச் செலுத்தவேண்டும் என 1987-ல் அமெரிக்க அறிஞர்களின் அறிக்கையொன்று வற்புறுத்தியது.

நமது கண்ட்ரோல் ஆபீஸை எண்ணிப் பாருங்கள். கால அட்டவணை அச்சானதும் வேலை முடிந்துவிடுகிறதா? கண்ட்ரோலர் கோட்டுப்படத்தைப் பார்த்தவண்ணம் ஒரு வண்டியை லூப் லைனில் நிறுத்தி, மற்றொன்றை முன்னே விடுகிறார். அத்தகைய செயலே இதுவும். அன்றாட வானிலைக் கணிப்பிலோ, செயற்கைக்கோளும் பலூனும் தரும் புதிய அளவுகள் ஆறு மணிக்கொரு முறை கணக்கை மெய்நிலைக்குத் திருப்புகின்றன.

மூடுபனி இதற்குக் கடுஞ்சோதனை. தெளிந்த வானும் அசையாக் காற்றும் ஈரமும் கூடிய இரவில் தரை குளிர்ந்து பனி திரள்கிறது. காற்று சற்றே வலுத்தாலும் கலைந்துவிடுகிறது. இந்நுட்பத்தை அறியவே 2015-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்திராகாந்தி விமான நிலையத்தில் தனி ஆய்வு தொடங்கப்பெற்றது.

ஆதலின் அன்பர்களே, பனி எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர். முதியோரையும் குழந்தைகளையும் குளிர்ந்த பிளாட்பாரத்தில் அமர்த்துமுன், வண்டி வரும் நேரத்தை விசாரித்து வீட்டினின்றும் புறப்படுக.