ஓரளவு

என் மனைவி மூன்று நாள் ‘மகளிர் தலைமைப் பண்புப் பயிற்சி’க்குப் போய்விட்டு வந்தாள். கையில் ஒரு ரெக்ஸின் பை. அதில் ஒரு ஃபைல், பேனா, சர்டிஃபிகேட், குரூப் போட்டோ.

‘‘கல்யாண வீட்டுப் பையில தேங்காயாவது இருக்கும்’’ என்றேன்.

‘‘நாம பேசிட்டிருக்கும்போது யாராவது குறுக்கே பேசினா, ‘நான் இன்னும் முடிக்கல’ன்னு சிரிச்ச முகத்தோட சொல்லணுமாம். முதல் நாள் பாடம் அதான்’’ என்றாள்.

‘‘இதைச் சொல்லிக் குடுக்க பேங்க் பணத்துல மூணு நாளா...’’

‘‘நான் இன்னும் முடிக்கல’’ என்றாள், சிரித்த முகத்தோடு.

பயிற்சி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அவள் ஓர் அரசு வங்கியில் கிளார்க். நான் பி.காம். அதே மாதிரி வங்கிப் பரீட்சையை இரண்டு முறை எழுதி, பாஸாகாமல் இரண்டு வங்கிகளைக் காப்பாற்றியவன். இப்போது ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். அதாவது, காலை பதினோரு மணிக்கும் லுங்கியில் இருப்பவன். இது நடந்தது 2023-ல்.

சாப்பிடும்போது கதை கதையாகச் சொன்னாள். ‘கண்ணாடிக் கூரை’ என்று ஒன்று உண்டாம். மேலே இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். ஏறப் போனால் தலை இடிக்கும். மர்லின் லோடன் என்கிற அமெரிக்கப் பெண்மணி 1978-ல் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் சொன்ன வார்த்தை அது.

‘‘எங்க பிராஞ்ச்ல கண்ணாடியெல்லாம் இல்லீங்க, ஆஸ்பெஸ்டாஸ். மேல என்ன இருக்குன்னே தெரியாது’’ என்றாள். (அவள் ஜோக்கை நான் எழுதிக் காசாக்குவது இது முதல் தடவை அல்ல.)

ரஞ்சனா குமார் பற்றிச் சொன்னார்களாம். நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த இந்தியன் வங்கிக்கு 2000-ல் தலைவராக வந்து, தூக்கி நிறுத்தியவர். அதற்கு முன் எந்த அரசு வங்கிக்கும் பெண் தலைவர் இருந்ததில்லை. 1969-ல் வங்கிகளை தேசியமயமாக்கியதே ஒரு பெண் பிரதமர்தான். அப்புறமும் ஒரு பெண் தலைவர் வர 31 வருஷம் பிடித்திருக்கிறது. அடுத்து, 1977-ல் ஸ்டேட் வங்கியில் ஆபீசராகச் சேர்ந்து 2013-ல் அதன் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா. குழந்தையையோ வயதானவர்களையோ பார்த்துக்கொள்ள, பெண் ஊழியர்களுக்கு இரண்டு வருஷம் வரை நீண்ட விடுப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தவர்.

நானும் சும்மா இருக்கலாமா? பி.காம். ஆயிற்றே. ‘‘பயிற்சியே வேணாம். 2013 கம்பெனிச் சட்டத்துல, பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனிக்கெல்லாம் ஒரு பெண் டைரக்டர் கட்டாயம்னு போட்டாங்க. கெடு நெருங்க நெருங்க எத்தனை முதலாளிங்க வீட்டுல மனைவி, மக, மருமகன்னு பார்த்து உட்கார வெச்சாங்க தெரியுமா? ஒரே ராத்திரியில தலைமைப் பண்பு!’’ என்று சிரித்தேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்த ஃபைலைப் புரட்டினேன். கடைசியில் ஒரு ஃபாரம். ‘உங்கள் முன்னேற்றத்துக்கு வீட்டில் ஆதரவு எப்படி?’ என்று கேள்வி. முழுமையாக, ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டங்கள். அவள் ‘ஓரளவு’ கட்டத்தில் டிக் அடித்திருந்தாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. காய் நறுக்குகிறேன். பையனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறேன். கேஸ் புக் பண்ணுகிறேன். நானா ஓரளவு?

காலையில் காபி கொடுக்கும்போதே கேட்டுவிட்டேன். (காபி போட்டது நான். இதைக் குறித்துக்கொள்ளவும்.)

அவள் கோபப்படவில்லை. ‘‘ரெண்டாம் நாள் அந்தப் பயிற்சி மேடம், ‘புரமோஷன் வந்து வேணாம்னு எழுதிக் குடுத்தவங்க யார் யார், எழுந்து நில்லுங்க’ன்னாங்க. பாதிக்கு மேல எழுந்து நின்னோம். சரி, அந்த லெட்டரை டிராஃப்ட் பண்ணிக் குடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி. ஒரே சிரிப்பு. எங்க வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர்னு வரிசையா சொல்றாங்க. ஒருத்தி மட்டும் மாமனார்னா’’ என்றாள்.

அப்புறம் கொஞ்ச நேரம் நான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018-ல் அவள் ஆபீசர் பரீட்சை பாஸ் பண்ணினாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்த படிப்பு. வங்கியில் ஆபீசர் ஆனால்தான் ஏணியில் முதல் படி. அங்கிருந்துதான் மேனேஜர், சீனியர் மேனேஜர் என்று ஏற முடியும். ஆனால் முதல் படியோடு டிரான்ஸ்ஃபரும் சேர்ந்தே வரும். அவளுக்கு வந்தது கடப்பா.

கடப்பா என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் சமையல் மேடைக் கல்தான். ‘‘தெரியாத ஊரு, தெரியாத பாஷை, குழந்தை வேற’’ என்று அம்மா ஆரம்பித்தாள். நான் அதோடு, ‘‘என் பத்திரிகைத் தொடர்பெல்லாம் சென்னையில இருக்கே’’ என்று சேர்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதிகம் எழுத இடம் கொடுத்த ஆசிரியரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எல்லாம் ஈமெயில். அதைக் கடப்பாவிலிருந்தும் அனுப்பலாம்.

பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ போடுங்கள் என்று மத்திய நிதியமைச்சகம் 2014-ல் அரசு வங்கிகளுக்கு எழுதியிருந்தது. ‘முடிந்தவரை’ என்பது ரப்பர் மாதிரி வார்த்தை, அது இருக்கட்டும். அந்த விண்ணப்பத்தில் ‘கணவர் பணிபுரியும் இடம்’ என்ற கட்டத்தில் அவள் என்ன எழுதுவாள்? திண்ணை என்றா?

கடைசியில் லெட்டரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று ஆரம்பித்து, முழுப் பக்கம், அருமையான இங்கிலீஷ். டிகிரி வாங்கியதிலிருந்து என் பி.காம். அவ்வளவு உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். அவள் படித்துப் பார்த்து, ‘‘நல்லா இருக்குங்க’’ என்று கையெழுத்துப் போட்டாள்.

‘‘அந்த லெட்டர் ஜெராக்ஸ் இன்னும் வெச்சிருக்கியா?’’ என்றேன்.

‘‘பீரோவுல இருக்கு’’ என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

‘‘அப்ப ‘இல்லை’ங்கற கட்டத்துலயே டிக் அடிச்சிருக்கலாமே?’’

‘‘காய் நறுக்கறீங்களே’’ என்றாள்.

அடுத்த தடவை பரீட்சை அறிவிப்பு வந்தபோது, ஃபாரத்தை டவுன்லோட் பண்ணிக் கொடுத்தேன். 2024-ல் பாஸ் பண்ணினாள். இந்தத் தடவை வந்தது ஆதோனி. மந்திராலயம் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகும் ஊர். அதே ரயில் பாதையில் கடப்பாவையும் தாண்டி, குண்டக்கல்லையும் தாண்டி இருக்கிறது. முதலிலேயே போயிருந்தால் பாதி தூரத்தில் முடிந்திருக்கும். அவள் இதைச் சொல்லவில்லை. டைம்டேபிளைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்.

மொத்தக் குடும்பமும் போவதாகத்தான் பேச்சு. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் தேதி குறுக்கே வந்தது. ஆகவே அவள் மட்டும் போனாள். வீட்டில் நான், அம்மா, பையன், அப்புறம் கடப்பா கல். புளியை எவ்வளவு கரைப்பது என்று கேட்டு முதல் வாரம் தினமும் போன் பண்ணினேன். மூன்றாவது நாள், ‘‘ஏங்க, பேங்க் நேரத்துல புளிக்குப் போன் பண்ணாதீங்க’’ என்றாள். குரலில் மேனேஜர் வாசனை அடித்தது.

அரைப் பரீட்சை லீவில் பையனை அழைத்துக்கொண்டு போனேன். ஆதோனி பருத்தி ஊர். பேங்க் முழுக்கப் பருத்தி விவசாயிகள், கடன் பாஸ்புக்கும் கையுமாக. நானும் பையனும் ஓரமாக நின்றோம். ஒரு பெரியவர் ஏதோ சத்தம் போட, உள்ளே அவள் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பும் தவறுமான தெலுங்குதான். ஆனால் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். பியூன் வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், ‘‘மேடம்காரி பர்த்த’’ என்று சொல்லிவிட்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

போன மாதம் புது ஆபீசர்களுக்கு ஒரு பயிற்சி என்று அவளைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் ரெக்ஸின் பை, பேனா, ஃபைல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் குளிக்கப் போனதும், நைசாக ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் பார்த்துவிட்டாள்.

‘‘என்னங்க தேடறீங்க? அந்தக் கேள்வியா? இந்த ஃபாரத்துல அது இல்லைங்க’’ என்றாள்.