அரக்கோணம் தாண்டி ஒரு சுட்ட கோழிச் சாப்பாடு

அரக்கோணம் என்றதும் எல்லோருக்கும் ரயில் சந்திப்புதான் ஞாபகம் வரும். சென்னையிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். மேற்கே காட்பாடிக்கு ஒரு பாதை, தெற்கே காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு பாதை, வடக்கே திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்கு ஒரு பாதை என்று இங்கேதான் தண்டவாளங்கள் பிரிகின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே, அது இந்த ஊர் வழியாகத்தான் ஓடியது. பக்கத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் 1992-ல் வந்தது. வேலூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

இத்தனை பெருமை இருந்தாலும், நம் மாதிரி குடும்பப் பெண்களுக்கு அரக்கோணம் என்றால் திருத்தணி முருகனைப் பார்க்கப் போகிற வாசல்படி. இங்கிருந்து திருத்தணி பதிமூன்று கிலோமீட்டர்தான்.

நாங்கள் போனது என் பேத்திக்கு முடி இறக்க. அம்மா காலமாகி வருஷாப்திகம் முடிந்து, இனி மலைக்கோயிலுக்குப் போகலாம் என்று ஆன பிறகு கிளம்பினோம். அப்பா, நான், என் வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, ஒரு வயதுக் குழந்தை. நாலு தலைமுறை ஒரே வண்டியில்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அம்மா போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அதையெல்லாம் விட எனக்குக் கவலை, அவர் சாப்பாட்டைத்தான் பற்றி. காலையில் ஒன்றரை இட்லி, மத்தியானம் ஒரு கைப்பிடி மோர் சாதம், ராத்திரி பால். "பசிக்கலேம்மா" என்று ஒரே பதில். எட்டு கிலோ இளைத்துவிட்டார். "பெரியவருக்குச் சதை கரையுது. பருப்பு, முட்டை, மீன், கோழி ஏதாவது கொடுங்க. சாப்பிட வெக்கறதுதான் இப்போ மருந்து" என்று டாக்டர் சொன்னார். சொல்வது சுலபம். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது?

மலைமேல்

திருத்தணி, ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது. சூரனை வென்ற முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் இங்கே சூரசம்ஹாரம் நடத்துவதில்லை. மலைக்குப் படிகள் 365, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. ஆடிக் கிருத்திகையில் பூக்காவடிகளால் மலையே பூத்துக் கிடக்கும். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டி போகிற பாதை உண்டு. நாங்கள் அப்பாவுக்காக அந்த வழியே போனோம்.

தரிசன வரிசையில் நிற்கும்போது அப்பாவின் நெற்றி வியர்த்தது. கை லேசாக நடுங்கியது. கேட்டால், காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "சாமி பார்த்துட்டுச் சாப்பிடறேன்"னு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்! நல்லவேளை, என் கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால்மணி நேரத்தில் தெளிந்தார். பிறகு இரண்டு பிஸ்கட்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் இருந்தால், விரத நாளில் எந்த மருந்தை எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில மாத்திரைகள் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் இவையெல்லாம் அறிகுறி. நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான்.

குழந்தைக்கு முடி இறக்கி, சந்தனம் தடவி, தரிசனம் முடித்து, அன்று ராத்திரி அரக்கோணத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கினோம். கோயிலுக்குப் போன அன்று எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ரசம், சுட்ட அப்பளம், மோர். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

மறுநாள் ஞாயிறு. "நகரி பக்கம் ஒரு தடவை போய்ட்டு வரலாமா?" என்று அப்பாவே கேட்டார். அவர் பிறந்து வளர்ந்தது திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நம் பக்கம் வந்தது. அப்போது அப்பா பள்ளிக்கூடத்துப் பையன். "நேத்து வரைக்கும் ஆந்திரா, இன்னிக்கு மெட்ராஸ். நாங்க மட்டும் அதே திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்குத் தெலுங்கும் தமிழும் இரண்டு கண்.

திருத்தணியைத் தாண்டினால் பொன்பாடி. அதற்கப்புறம் ஆந்திரா. ரயிலில் போகிறவர்கள் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்ற பலகையைப் பார்க்கலாம். இந்திய ரயில் நிலையங்களில் மிக நீளமான பெயர்களில் அதுவும் ஒன்று. மாப்பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்து மூன்று தடவை தோற்றார்!

சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய், அதில் கரி, மேலே கம்பி வலை. அதன் மேல் தட்டையாகப் பிளந்த கோழிகள். அந்த வாசனை வந்ததும் அப்பா, "வண்டியை நிறுத்துங்க மாப்பிள்ளே" என்றார்.

எனக்கு உள்ளூர பயம். நேற்றுதான் மலையில் அப்படி ஆனது. ஆந்திரக் காரம், உப்பு, வெளிச் சாப்பாடு. ஆனால் இரண்டு வருஷத்தில் அவராகக் கேட்ட முதல் சாப்பாடு இது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? இறங்கியதும் கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டேன். கூட்டம் இருந்தது, அதனால் பழசு தங்காது. பச்சைக் கோழி வெட்டுகிற கட்டை வேறே, வெங்காயம் நறுக்குகிற பலகை வேறே. கை கழுவக் குழாயும் சோப்பும் இருந்தன. சரி என்று உட்கார்ந்தோம். குழந்தைக்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போன குழைந்த சாதமும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும்தான்.

தணலருகே நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினாள். அவள் செய்த பக்குவத்தை நான் கிட்டே நின்று பார்த்தேன். கரி ஜுவாலை விட்டு எரியும்போது கோழியை வைக்கவே இல்லை. கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் வலையில் போட்டாள். அடிக்கடி திருப்பினாள். ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கடலை எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்த கிண்ணத்தில் முக்கி, அதாலேயே தடவினாள். "ஜுவாலையிலே போட்டா மேலே கருகும், உள்ளே பச்சையா நிக்கும்மா. நெருப்பு நம்ம பேச்சைக் கேக்கறவரைக்கும் பொறுக்கணும்" என்றாள்.

இதே பொறுமையைத்தான் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பார்பிக்யூ என்று கொண்டாடுகிறார்கள். அங்கே பன்றி இறைச்சியையோ மாட்டிறைச்சியையோ விறகுப் புகையில், இளஞ்சூட்டில், மணிக்கணக்காக வேகவிடுவார்கள். வட கரோலினாவில் காடியும் மிளகாயும் கலந்து தடவுவது வழக்கம். நம் அம்மாள் எலுமிச்சை தடவினாள், அவ்வளவுதான் வித்தியாசம். நமக்கும் இது புதிதில்லை. கரிகாலன் வாசலில் பொருநர்களுக்கு இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி பரிமாறியதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது.

இலை போட்டார்கள். ராகி சங்கட்டி, அதாவது அரிசி சேர்த்துக் கிளறிய கேழ்வரகுக் களி. நாட்டுக்கோழிப் புலுசு, கோங்குரா என்கிற புளிச்சகீரைத் துவையல், பச்சை வெங்காயம், சுட்ட கோழி.

"நைனா, சங்கட்டி எத்தனை உருண்டை?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. "பாதி போதும்பா. கோழி எவ்வளவு வேணா சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பிட்டார். களியில் குழி செய்து புலுசை விட்டு, பல்லில் படாமல் விழுங்கினார். கோழியை எலும்பு வரை சுவைத்தார். இரண்டாவது துண்டை எடுக்கும்போது சொன்னார்: "உங்கம்மா இப்படித்தான்மா. நீங்க ஒவ்வொருத்தரும் பொறந்தப்போ உடம்புல ரத்தம் ஊறணும்னு அவளுக்குச் சுவரொட்டி வாங்கிட்டு வந்து குடுப்பேன். அடுப்புத் தணல்லே சுட்டு, பாதியை எனக்குன்னு எடுத்து வெச்சிருப்பா. திட்டினாலும் கேக்க மாட்டா."

அம்மா போன பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் தன் இலையிலிருந்த ஒரு துண்டை எடுத்துத் தாத்தா இலையில் வைத்தாள்.

உடம்புக்கு எப்படி?

கேழ்வரகு: 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இதில் சிறு பங்குகூட இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் அருமையான தானியம். ஆனால் "களிதானே, சர்க்கரை ஏறாது" என்று நினைத்து இரண்டு உருண்டை விழுங்கக் கூடாது. அதிலும் மாவுச் சத்துதான். அளவு முக்கியம், கூடவே கீரையும் கறியும் வேண்டும்.

சுவரொட்டி: ஆட்டு மண்ணீரல். இரும்புச் சத்து நிறைந்தது. சோகையுள்ளவர்களுக்கு நல்ல உணவுதான். ஆனால் டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கு அது பதில் ஆகாது. நன்றாக வெந்திருக்க வேண்டும்.

சுட்ட கறி: எண்ணெய்ச் செலவு குறைவு. ஆனால் கருகிய இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். அதிகச் சூட்டில் கருகும் இறைச்சியில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருள்கள் உண்டாகின்றன. எலுமிச்சை, தயிர், பூண்டு சேர்த்து ஊறவைத்துச் சுட்டால் அவை குறையும். ஆகவே ஊறவைப்பது ருசிக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும்தான்.

வீட்டில் செய்ய

தோல் நீக்கிய கோழி ஒரு கிலோ, பெரிய துண்டுகளாக. கத்தியால் ஆழமாகக் கீறிக்கொள்ளுங்கள். இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேஜைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், தனியாத்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கெட்டித் தயிர் அரை கப், இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, கடலை எண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, அளவாக உப்பு. எல்லாம் பிசறி, குளிர்சாதனப் பெட்டியில் நாலு மணி நேரம் வையுங்கள்.

பரணில் பழைய குமுட்டி அடுப்பு இருந்தால் இறக்குங்கள். மொட்டை மாடியிலோ தோட்டத்திலோதான் பற்ற வைக்க வேண்டும். மூடிய அறையில் கரி எரித்தால் வருகிற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளையே கொன்றுவிடும். சாம்பல் பூத்த தணலில் வலை வைத்து, திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கால் துண்டு வேக அரை மணி ஆகலாம். எலும்பருகே குத்தினால் சிவப்பில்லாமல் தெளிந்த நீர் வரவேண்டும். ஊறவைத்த மசாலா மீதியை வெந்த கறியில் ஊற்றாதீர்கள். கரி அடுப்பு இல்லாதவர்கள் இரும்புத் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறுதீயில் வேகவைக்கலாம்.

சைவக்காரர்கள் ஏன் சும்மா இருக்க வேண்டும்? அதே தணலில் கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்யலாம். சோளக்கதிர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாமே தணலில் ஒரு தனி ருசி.

இப்போது வாரம் ஒரு நாள் எங்கள் மாடியில் குமுட்டி அடுப்பு எரிகிறது. தணலைக் கவனிக்கிற வேலை அப்பாவுடையது. மற்ற நாளில் ஒரு முட்டை, மீன், கொஞ்சம் பருப்பு என்று அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். போன மாதம் எடை பார்த்ததில் இரண்டு கிலோ ஏறியிருந்தது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் தட்டைத் தள்ளி வைத்தால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சின்ன வயதில், அவர்கள் ஊரில், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.