இருபதிலிருந்து எண்ணுகிறவன்

திங்கள் இரவு

சனிக்கிழமை பெடோக்கில் ஒரு கடையில் பாப்பர் போட்டி. ‘மேஜிக்: த கேதரிங்’ ஆட்டத்தில், ‘காமன்’ தரத்தில் அச்சான கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் பிரிவு அது. அரிய, விலையேறிய கார்டுகளுக்கு அங்கே வேலையில்லை. ஒரு டெக் முழுவதையும் கையைக் கடிக்காமல் சேர்த்துவிடலாம். இந்த முறை சிவப்பு பர்ன் டெக் கட்டப் போவதாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

அக்கா மகன் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? எல்லாத்தையும் மூஞ்சியிலயே அடிக்க வேண்டியதுதானே.”

பாலிடெக்னிக்கில் படிக்கிறான், நீல டெக் ஆடுகிறான். எதிராளி போடுவதையெல்லாம் செல்லாமல் ஆக்கிவிட்டு, நிதானமாக ஜெயிப்பதில் அவனுக்கு ருசி. பதில் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. டெக்கில் குறைந்தது 60 கார்டு. அடிப்படை லேண்ட் தவிர எதுவும் நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் 7. டர்னுக்கு ஒரு லேண்ட் போடலாம். லேண்ட் தரும் மானாவை வைத்தே மற்ற கார்டுகளைப் போட வேண்டும். ஆக, ஆறு மானா கேட்கும் பெரிய கார்டு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், ஆறாவது டர்ன் வரை பொதுவாக அது கையில் தூங்கும் காகிதம். ஆட்டம் நான்காவது டர்னில் முடிந்துவிட்டால் அது எழுந்திருக்கவே போவதில்லை. வேகமான டெக்கின் நியாயம் இவ்வளவுதான்: எதிராளியின் நல்ல கார்டுகளை வெல்ல வேண்டாம், அவை இறங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

செவ்வாய்

இன்று முழுக்கக் கணக்கு. முதலில் ஆடுகிறவருக்கு முதல் டர்னில் கார்டு எடுக்க உரிமையில்லை. எனவே நான்காவது டர்னில் நான் பார்த்திருக்கும் கார்டுகள் பத்து: கையில் வந்த ஏழும் பிறகு எடுத்த மூன்றும். டெக்கில் சிவப்பு மானா தரும் அடிப்படை லேண்டான மவுண்டனை 17 வைத்தால் அந்தப் பத்தில் சராசரியாக மூன்று லேண்ட். மீதி ஏழு கார்டும் தலைக்கு மூன்று புள்ளி பறித்தால் 21. ஒரு புள்ளி மிச்சம்!

இனி எந்தக் கார்டைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: ஒரு மானாவுக்கு மூன்று புள்ளி தருவாயா? 1993இல் முதல் அச்சிலேயே வந்த லைட்னிங் போல்ட் தரும். 1994இல் வந்த செயின் லைட்னிங் தரும். லாவா ஸ்பைக் தரும், ஆனால் உயிரினங்களை அதால் தொட முடியாது. ரிஃப்ட் போல்ட்டை ஒரு மானா கொடுத்து ஒதுக்கி வைத்தால் அடுத்த டர்னில் வெடிக்கும். ஸ்கியூவர் த கிரிட்டிக்ஸ் மூன்று மானா கேட்கும். எதிராளி அதே டர்னில் உயிர்ப்புள்ளி இழந்திருந்தால் ஒன்றுக்கு இறங்கிவரும். ஐந்து வகை, வகைக்கு நான்கு, மொத்தம் 20 கார்டு. ஒரே வேலையைச் செய்யும் ஐந்து பெயர்கள்.

ஏன் இப்படி ஒன்றுபோலத் தேட வேண்டும்? ஒரு கார்டு நான்கு பிரதி இருந்தால் தொடக்கக் கையில் அது ஒன்றாவது வரும் வாய்ப்பு 40 விழுக்காடு. அதே வேலை செய்யும் எட்டு இருந்தால் 65. பன்னிரண்டு இருந்தால் 81. அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க இதைத் தவிர வேறு வழி கிடையாது.

புதன்

லேண்ட் எத்தனை என்பதில்தான் பாதி இரவு போனது. 20 வைத்தால் தொடக்கக் கையில் லேண்டே இல்லாமலோ ஒன்றோடோ மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 17 என்றால் அது 35 விழுக்காடாக ஏறுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று லேண்ட் வந்த பிறகு எடுக்கும் ஒவ்வொரு மவுண்டனும் எனக்கு மூன்று புள்ளி நட்டம். ஆகவே 17தான்.

இந்த நட்டத்துக்கும் ஒரு பரிகாரம் உண்டு: ஃபயர்பிளாஸ்ட். 1997இல் வந்த கார்டு. ஆறு மானா கேட்கும். அல்லது இரண்டு மவுண்டனைப் பலிகொடுத்தால் மானாவே இல்லாமல் நான்கு புள்ளி பறிக்கும். ஆட்டம் முடிகிற தறுவாயில் லேண்ட் எதற்கு? வீடு காலி செய்கிறவன் கதவைக் கழற்றி விறகாக்குவதைப் போல, கடைசி அடிக்கு அடித்தளத்தையே எரிக்கலாம். நான்கும் உள்ளே.

உயிரினங்களில் கெல்டன் மரோடர்ஸ்: இரண்டு மானா. வரும்போது ஒரு புள்ளி, போகும்போது ஒரு புள்ளி, நடுவில் ஒரே ஒரு முறை மூன்று பலத்தோடு தாக்கும். தடுக்காவிட்டால் ஐந்து, தடுத்தாலும் இரண்டு உறுதி. தெர்மோ ஆல்கெமிஸ்ட் தாக்கவே தாக்காது. உட்கார்ந்த இடத்தில் டர்னுக்கு ஒரு புள்ளி எடுக்கும். நான் மந்திரக் கார்டு போடும் ஒவ்வொரு முறையும் மறுபடி தயாராகும். இவை இரண்டும் வகைக்கு நான்கு. இவற்றோடு கிட்டு லாவாரன்னர் நான்கு, கெஸ்ஸிக் ஃபிளேம்பிரீதர் மூன்று, உயிரினத்தையும் ஆளையும் சேர்த்துச் சுடும் சியரிங் பிளேஸ் நான்கு. 43 கார்டு, 17 மவுண்டன். அறுபது.

ஆல்பத்தில் இன்னும் எத்தனையோ நல்ல கார்டு இருக்கிறது. கார்டு எடுக்க உதவுபவை, உயிர்ப்புள்ளி தருபவை, ஆறு மானா அரக்கர்கள். எல்லாவற்றையும் மூடி வைத்தேன். நல்ல கார்டு என்பதற்காக ஒன்றைச் சேர்த்தால் நான்காவது டர்ன் ஐந்தாவதாகும். ஐந்தாவதில் எதிராளி மூச்சு விட்டுவிடுவார்.

வியாழன்

பேருந்தில் போகும்போது பழைய கதைகளை நினைத்துக்கொண்டேன். 1996இல் அட்லாண்டாவில், ‘புரோ டூர்’ என்ற தொழில்முறைப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்பு டெக்கோடு இரண்டாம் இடம் பிடித்தார். டெக்கை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள், அயர்ன்க்ளா ஆர்க்ஸ் போல யாரும் சீந்தாத உயிரினங்கள் அதில் இருந்தன. ஆனால் முதல் டர்னில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என ஒரு மானாகூட வீணாகாதபடி விலைவாரியாக அடுக்கியிருந்தார். கார்டின் தரத்தைவிட மானா வீணாகாமல் இருப்பது பெரிது என்று அந்த டெக் காட்டியது. மானா கர்வ் என்று இன்று எல்லாரும் பேசுவது பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. கட்டியவர் பெயர் மறைந்து, ஆடியவர் பெயரே அந்த வகை டெக்குக்கு நிலைத்துவிட்டது. 1998இல் டேவ் பிரைஸ் சிவப்பு டெக்கோடு லாஸ் ஏஞ்சலிஸ் புரோ டூரையே வென்றார்.

வேகம் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஒரே மானாவுக்கு வந்த டர்னிலேயே தாக்கும் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் 2022இல் காமனாக அச்சாகி பாப்பருக்குள் வந்தது. 2023 மே மாதம் தடை செய்துவிட்டார்கள்.

வெள்ளி

முதலில் ஆளில்லாமல் தனியாக ஆடிப் பார்த்தேன். கோல்டுஃபிஷ் செய்வது என்பார்கள். தங்கமீன் திருப்பி அடிக்காது. டெக் எத்தனையாவது டர்னில் முடிக்கிறது என்பது மட்டும் தெரியும். பெரும்பாலும் நான்கு, சில சமயம் ஐந்து.

பிறகு அக்கா மகனைக் கூப்பிட்டேன். இங்கேதான் யோசனை தொடங்குகிறது. அவன் இரண்டு நீல மானாவைத் திறந்து வைத்திருந்தால், என் கார்டைச் செல்லாமல் ஆக்கும் கவுன்டர்ஸ்பெல் வரும். ஆகவே அவன் டர்ன் முடிகிற நேரத்தில் லைட்னிங் போல்ட்டை வீசுவேன். தடுத்தால் அவன் மானா தீரும்; என் டர்னில் லாவா ஸ்பைக்கும் ஸ்கியூவரும் தடையில்லாமல் போகும். தடுக்காவிட்டால் மூன்று புள்ளி லாபம். வரிசையும் முக்கியம்: ஸ்கியூவர் முதலில் வந்தால் விலை மூன்று, இரண்டாவதாக வந்தால் ஒன்று.

அதைவிடக் கடினமான கேள்வி: அவனுடைய உயிரினத்தைச் சுடுவதா, அவனைச் சுடுவதா? மைக் ஃப்ளோரஸ் 1999இல் எழுதிய ‘ஹூ’ஸ் த பீட்டவுன்’ என்ற கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். இருவரில் தாக்குகிறவர் யார், தாக்குப்பிடிக்க வேண்டியவர் யார் என்று தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார் என்பது அதன் சாரம். என் கணக்கு எளியது. அந்த உயிரினம் ஆட்டம் முடிவதற்குள் என்னிடம் மூன்று புள்ளிக்கு மேல் பறிக்குமா, அல்லது என் ஆட்டத்தை ஒரு டர்னாவது தாமதிக்குமா? இரண்டும் இல்லையென்றால் அது அங்கேயே நிற்கட்டும்.

“சரி மாமா, கொஞ்சம் யோசிக்கணும்தான்” என்றான், சீட்டுகளைக் கலைத்தபடி.

சனி இரவு

ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் சைடுபோர்டு பதினைந்தில் நீலத்துக்கு எதிராக பைரோபிளாஸ்ட், ஆர்ட்டிஃபேக்ட் டெக்குகளுக்கு ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ். முதல் சுற்றில் பச்சை டெக். பச்சை ஆடுகிறவர்களிடம் வெதர் த ஸ்டார்ம் இருக்கும்: இரண்டு மானா, மூன்று உயிர்ப்புள்ளி, அந்த டர்னில் அதற்கு முன் போட்ட ஒவ்வொரு மந்திரத்துக்கும், அது யார் போட்டதானாலும், இன்னொரு மூன்று. நான் ஒரே டர்னில் மூன்று கார்டை வீசினால் எதிராளி பன்னிரண்டு புள்ளி ஏறிவிடுவார். பக்கத்து மேசையில் ஒருவருக்கு அப்படியே நடந்தது. நான் டர்னுக்கு ஒன்றாகவே போட்டேன். எதிரில் இருந்த அந்த அம்மா வெகுநேரம் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஆறு புள்ளிக்கே அதைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. வேகமான டெக்கை மெதுவாக ஆடி ஜெயித்தேன்.

அடுத்து ஆர்ட்டிஃபேக்ட் டெக்கிடம் தோல்வி. முதல் கையில் ஒரே ஒரு லேண்ட். மல்லிகன் எடுத்தேன், அதாவது அந்தக் கையைக் கலைத்துவிட்டுப் புதிதாக எடுத்தேன். 2019இலிருந்து மறுபடி ஏழு எடுத்து ஒன்றை டெக்கின் அடியில் வைத்தால் போதும். ஆனாலும் இந்த டெக்குக்கு ஒரு கார்டு குறைவது மூன்று புள்ளி குறைவதுதான். எதிராளி இரண்டு புள்ளியோடு தப்பித்தார். புதன்கிழமை எழுதிவைத்த 35 விழுக்காட்டுக்குள் அடங்கிய தோல்வி. டெக்கில் மாற்ற எதுவுமில்லை.

ஞாயிறு

யோசிக்கத் தெரியாதவர்களின் டெக் என்ற பேச்சு சரியில்லை. நீல டெக் ஆடுகிறவர் ஆட்டத்தின் நடுவில் யோசிக்கலாம், அவருக்கு நேரம் இருக்கிறது. சிவப்பு டெக் ஆடுகிறவர் பெரும்பகுதியை முன்னாலேயே யோசித்து முடித்துவிட வேண்டும். நான்கு டர்னில் ஒரு கார்டு வீணானாலும் மீட்க வழியில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பிடித்த கார்டிலிருந்து தொடங்காதீர்கள், இருபதிலிருந்து தொடங்குங்கள். எந்த டர்னில் எத்தனை புள்ளி என்று சொல்ல முடியாத கார்டை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆல்பத்திலேயே விட்டுவிடுங்கள்.