ஒரு பையில நாலு பை!

நாமக்கல்லில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டுட்டார்: "தம்பி, டிபன் பாக்ஸ்ல என்ன ஒயரு?" உள்ளே நாலு ராஸ்பெர்ரி பை 4, ஒரு ஸ்விட்ச், உள்ளங்கை சைஸ் ரவுட்டர். கொல்லிமலைப் பள்ளி ஒன்றில், நெட் இல்லாமலே கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிபீடியா காட்டணும். நாலாவது பையில் வெப்பநிலை சென்சார். எங்க பிராஜெக்ட்டே அதை நம்பித்தான்!

காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு பட்ட பாடு வேணாம், விடுங்க.

ஹாஸ்டல் வைஃபையில் இதே செட்டப் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஆன் பண்றப்பல்லாம் புது ஐ.பி. முகவரி. எந்த பை எங்கேன்னு தேடியே ராத்திரி போயிடும். அதான் சொந்த ரவுட்டர். ஒவ்வொரு போர்டின் மேக் முகவரியையும் அதில் பதிஞ்சு, 192.168.8.11 முதல் 14 வரை ஒதுக்கிட்டோம். எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போனாலும் அதே கதவு எண்!

ஆனா மலையில் சென்சார் காட்டினது நேற்றைய தேதி. பை 4-க்குள்ளே பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நெட்டில்தான் மணி கேட்டுக்கும். கையைப் பிசைஞ்சோம். கடைசியில் லேப்டாப்பையே நேரம் சொல்லும் சர்வரா மாத்தினதும்தான் உயிர் வந்தது.

ஒரு பொண்ணு முதல்ல தேடினது கொல்லிமலையை. படிச்சு முடிச்சுட்டுக் கேட்டா, "எங்க பள்ளிக்கூடத்தை ஏன்ணா போடலை?"