மாமா வீட்டுக் குற்றாலம்

குற்றாலம் தென்காசிக்கு அருகே இருக்கிறது என்பதை யாவரும் அறிவர். அதற்குப் பெங்களூர் மல்லேசுவரத்தில் ஒரு தம்பி உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. என் மாமா வீட்டுக் கொல்லையில் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட சிமெண்டுக் குளம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பாறைகளை அடுக்கி, மோட்டாரால் நீரை மேலேற்றி, அருவியாக விழச் செய்திருக்கிறார். தென்காசிப் பக்கம் பிறந்த மாமாவுக்கு அந்தச் சலசலப்பு காதில் விழுந்தால்தான் காலைக் காப்பி இறங்கும். அங்கே தங்கிப் படிக்கும் எனக்கோ குளத்து மீன்களே தோழர்கள்.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். நகரில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வறண்டுவிட்டன. காவிரி நீரோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாய்வழி வந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி இந்நகரை அடைகிறது. தோட்டத்துக்கும், கார் கழுவவும், நீரூற்றுக்கும் குடிநீரைச் செலவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் வீட்டுக் கிணறும் வற்றி, லாரித் தண்ணீர் வாங்கினோம்.

அந்த நாளிலா எங்கள் குளம் ஒழுக வேண்டும்! நாளுக்கு இரண்டு அங்குலம் இறங்கியது. கணக்கிட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 280 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் பத்தொன்பது குடம்!

"ஊரே குடத்தோடு நிற்கிறது, நாம் மண்ணுக்கு வார்ப்பதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மீன்களை யாருக்காவது கொடுத்துவிட்டுக் குளத்தைத் தூர்த்துவிடுவேன்" என்றார் மாமா.

நான் உடனே தீர்ப்பு வழங்கினேன். "கட்டின மேஸ்திரி சிமெண்டைக் குறைத்துவிட்டார், மாமா!"

மேஸ்திரி தருமபுரிக்காரர். வீட்டு முன்புறம் திண்ணை கட்டும் வேலையை அவருக்குத் தருவதாக இருந்த மாமா, என் சொல்லைக் கேட்டு நிறுத்திவிட்டார். நானே சிமெண்டைக் குழைத்துக் கரையில் கண்ட கீறலையெல்லாம் பூசினேன். நீர் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

செய்தி கேட்டு வெள்ளிக்கிழமை மாலை மேஸ்திரியே வந்தார். கோபம் ஒன்றும் காட்டவில்லை.

"மோட்டாரை நிறுத்திப் பாத்தீங்களா, தம்பி?"

"இல்லையே."

மோட்டாரை நிறுத்தினார். நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தோம். நீர் கோட்டிலேயே நின்றது.

"குளம் ஒழுகல, தம்பி. ஒழுகினா மோட்டார் நின்னாலும் இறங்குமே! மேல ஏறின தண்ணிதான் எங்கியோ வழி தப்பிப் போவுது."

மறுபடி மோட்டாரைப் போட்டு, அருவியின் தலையில் ஒரு செம்பு மஞ்சள் நீரை ஊற்றினார். பாதி முன்னால் விழுந்தது. மீதி தேங்கி, பின்கரை விளிம்பைத் தாண்டி மண்ணுக்குள் மறைந்தது. அருவி வாயில் ஒரு தட்டைக் கல் அணைபோல் கிடந்தது.

"இந்தக் கல்லு நான் வெச்சதில்லையே!" என்றார்.

எனக்கு நா எழவில்லை. பொங்கல் விடுமுறையில், அருவி அகலமாக விழட்டும் என்று அந்தக் கல்லை வைத்த கலைஞன் நானே அன்றோ!

அவர் கல்லை எடுத்தார். பின்கரையை இரண்டு அங்குலம் உயர்த்திப் பூசினார். அரை நாள் வேலை. பூச்சு இறுகியபின் அருவி ஓடியது, குளம் இறங்கவில்லை. இரவில் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னிடம் சொன்னது சரி, அவரிடம் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் சொன்னேன். மேஸ்திரி சிரித்துவிட்டு, "அன்னிக்கே உங்க மூஞ்சி சொல்லிச்சு, தம்பி" என்றார். திண்ணை வேலை அவருக்கே கிடைத்தது. செங்கல் சுமந்தவன் நான்.

நண்பர்களே, எங்கேனும் ஒழுகுகிறது என்று கண்டால், பழி சுமத்த ஆள் தேடுமுன் மோட்டாரைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். நாம் வைத்த கல் ஒன்று அங்கே கிடக்கக்கூடும்.